தேநீர்க் கெண்டியில் தெரிந்த முகம்

பிரெஞ்சு மேடை நகைச்சுவையைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் யார் உசத்தி என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ஒரு ஜெர்மன்காரரின் பெயரை. அதுவும் பேசாப்படக் காலத்து ஆள். எஃப். டபிள்யூ. மூர்னாவ். 1926-ல் வந்த அவருடைய 'தார்த்யூஃப்' படத்தில் ஒரு காட்சி. போலிச் சாமியார் தார்த்யூஃபைத் தேநீருக்கு அழைக்கிறாள் எல்மீர். அவள் கணவன் ஒர்கோன் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். சாமியாரின் யோக்கியதையை அவன் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்பது அவள் திட்டம். தார்த்யூஃப் மெல்ல அவள் பக்கம் நெருங்குகிறான். அந்த நேரம் பார்த்து, மேசைமேல் இருக்கும் பளபளப்பான தேநீர்க் கெண்டியின் வயிற்றில், எட்டிப் பார்க்கும் ஒர்கோனின் முகம் சின்னதாகக் கோணிக்கொண்டு தெரிகிறது. தார்த்யூஃப் அதைக் கவனித்துவிடுகிறான். அடுத்த நொடியே பழையபடி பக்திமான்.

இந்தப் படத்துக்கு மூலம் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் நாடகம். அதில் கெண்டி கிடையாது. அங்கே ஒர்கோன் ஒளிந்திருப்பது மேசைக்கு அடியில். சாமியார் எல்லை மீறும்போது வெளியே வரச்சொல்லி எல்மீர் இருமுகிறாள். வரமாட்டேன் என்கிறான். திரும்பத் திரும்ப இருமுகிறாள். அசையவில்லை. "உன் புருஷனை மூக்கணாங்கயிறு போட்டு எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம்" என்கிற மாதிரி தார்த்யூஃப் சொல்லி, அறைக்கு வெளியே போன பிறகுதான் அந்த மனிதன் தலையை நீட்டுகிறான். "அதுக்குள்ளே வந்துட்டீங்களா?" என்று மனைவி கேட்பாள். அரங்கத்தில் இந்தக் காட்சிக்குச் சிரிப்பு வருவதற்குக் காரணம், மேசைக்கு அடியில் ஆள் இருப்பது அரங்கத்தில் அத்தனை பேருக்கும் தெரியும் என்பதுதான். எதிரே இருக்கிற ஐந்நூறு பேரும் எல்மீருக்குக் கூட்டாளிகள்.

சினிமாவில் அந்தக் கூட்டாளிகள் இல்லை. இதுதான் இந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெரிதாகிக்கொண்டே போகிற விஷயம். மோலியேர், லபீஷ், ஃபேதோ எல்லோரும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை நம்பி எழுதியவர்கள். அவர்களை எடுத்துவிட்டால் வசனத்தில் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையை எதை வைத்து அடைப்பது என்று யோசித்த இயக்குநர்கள் தப்பித்தார்கள்.

நான் பிறந்தது புதுச்சேரியில். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய தாத்தா வீட்டில் வளர்ந்ததால் இந்த மொழி சின்ன வயதிலேயே காதில் விழுந்துவிட்டது. கல்யாணமாகிக் கொடைக்கானல் வந்து, இங்கே ஒரு விடுதிப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். வீடு நாயுடுபுரத்தில். சீசன் முடிந்து கூட்டம் இறங்கிய பிறகு, ஐந்து மணிக்கே மூட்டம் வாசலுக்கு வந்துவிடும் மாதங்களில், கணப்பில் கரி போட்டுவிட்டுச் சுவரில் படம் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். கூடவே இருந்து பார்ப்பவர் என் மாமியார். பூம்பாறையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டு வாழ்ந்தவர். பிரெஞ்சு தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். சில இடங்களில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் சிரித்துவிடுவார். அந்த இடங்களைத்தான் நான் குறித்துவைத்துக்கொள்கிறேன். வசனத்தின் துணை இல்லாமலே இயக்குநர் ஜெயித்த இடம் அது.

அத்தைக்கு இந்த நாடகங்கள் அந்நியமாகப் படவில்லை. அதற்கு வலுவான காரணம் உண்டு. மதுரை, திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' போடுவார்கள். விடிய விடிய நடக்கும். வள்ளி வருவதற்கு முன்னால் பபூன் வருவார். ஆர்மோனியக்காரரோடு வாக்குவாதம் பண்ணுவார், முன்வரிசையில் இருக்கும் பெரிய மனிதரைச் சீண்டுவார், கடைசி வரிசையில் தூங்குகிறவரைப் பெயர் சொல்லி எழுப்புவார். இந்த நாடக மரபுக்குப் பாட்டும் வசனமும் எழுதிக்கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தது எங்கள் புதுச்சேரியில்தான். மோலியேரும் 1658-ல் பாரிசுக்குத் திரும்பும்வரை தன் குழுவோடு பிரான்சின் ஊர் ஊராகப் போய் நடித்தவர். எந்த ஊரில் எதற்குச் சிரிப்பார்கள் என்பதைச் சந்தையிலும் சத்திரத்திலும் நின்று கற்றுக்கொண்டவர்களின் எழுத்து இது. இதை வெறும் இலக்கியமாக மட்டும் வகுப்பில் நடத்துவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

மோலியேரின் 'கஞ்சன்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1668-ல் அரங்கேறியது. தோட்டத்தில் புதைத்துவைத்த பத்தாயிரம் எக்யூ (பழைய பிரெஞ்சு நாணயம்) பணப்பெட்டி காணாமல் போனதும் கஞ்சன் அர்பகோன் தனியாக வந்து புலம்புவான். திருடனைப் பிடித்துவிட்டதாக நினைத்துத் தன் கையையே பிடித்துக்கொள்வான். அப்புறம் எதிரே கூடியிருக்கிற கூட்டத்தைப் பார்ப்பான். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், இவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று சந்தேகப்படுவான். எங்கள் பள்ளியில் இந்த ஒரு காட்சியை மட்டும் தமிழில் போட்டோம். தகரக் கூரை, வெளியே நல்ல மழை. ஒன்பதாம் வகுப்புப் பையன் அர்பகோன். முன்வரிசையில் இருந்த மெஸ் சமையல்காரரிடம் குனிந்து, முகத்துக்கு நேராக, "எடுத்தது நீதானே?" என்றான். அவர் சட்டென்று எழுந்து, "சத்தியமா நான் இல்லை தம்பி" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. பையனின் கண்ணில் அப்படி ஒரு வெறி இருந்தது. அரங்கம் அடங்குவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. பையன் அசையாமல் காத்திருந்து, சத்தம் குறைந்த பிறகு அடுத்த வரியைச் சொன்னான்.

காத்திருக்க கேமராவுக்குத் தெரியாது. எத்தனை பேர் எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்று எடுக்கும்போது யாருக்கும் தெரியாது அல்லவா?

பிரெஞ்சு நகைச்சுவை நடிகர் லூயி த ஃப்யுனேஸ் 1980-ல் ஷான் ஷிரோவுடன் சேர்ந்து இயக்கி, தானே அர்பகோனாக நடித்த படத்தில் இதற்கு அவர் கண்டுபிடித்த வழி வேகம். மோலியேரின் வசனத்தைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, இடைவெளி விழவேண்டிய இடத்தையெல்லாம் புருவத்தாலும் கையாலும் நிரப்பிவிடுகிறார். அத்தைக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். முதல் அங்கத்தில் ஒரு கட்டம். மகளை ஒரு வயதானவருக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான் அர்பகோன். நீங்கள் என்ன நியாயம் சொன்னாலும் அவனிடம் ஒரே பதில்தான்: "வரதட்சணை இல்லாமல்!" பெண்ணுக்குப் பிடிக்கவேண்டாமா? வரதட்சணை இல்லாமல்! வயசு வித்தியாசம்? வரதட்சணை இல்லாமல்! அத்தை முதலில் சிரித்தார். அப்புறம், "இதுக்கு வாயடைச்சுப் போன வீடு எத்தனை தெரியுமா" என்றார்.

இரண்டாவது அங்கத்தில் கடன் காட்சி வரும். மகன் பதினைந்தாயிரம் கடன் கேட்டிருக்கிறான். கொடுப்பவன் யார் என்று தெரியாது. கடைசியில் பார்த்தால் சொந்த அப்பாதான். பத்திரத்தில் என்ன நிபந்தனை? பன்னிரண்டாயிரம்தான் ரொக்கம். மீதிக்கு வீட்டில் கிடக்கும் பழைய தட்டுமுட்டுச் சாமான்களை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் வைக்கோல் அடைத்த மூன்றரை அடிப் பல்லித் தோல் ஒன்றும் உண்டு. உத்தரத்தில் தொங்கவிட்டால் அழகாக இருக்குமாம். இதைச் சொன்னதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு வியாபாரி இப்படித்தான் பாதிக் கடனை ரொக்கமாகவும் மீதியைச் சொத்தை விதைப்பூண்டாகவும் கொடுத்தாராம். விளைந்ததை வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றும்போது முழுத் தொகைக்கும் வட்டி பிடித்துக்கொண்டாராம். "அந்த பல்லியாவது கெட்டுப்போகாது" என்றார் அத்தை.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த ஆள் மிஷேல் கலப்ரு. அர்பகோனிடம் சமையல்காரனும் அவரே, வண்டிக்காரனும் அவரே. செலவு மிச்சம். முதலாளி ஏதாவது கேட்டால், சமையல்காரனிடம் கேட்கிறீர்களா, வண்டிக்காரனிடம் கேட்கிறீர்களா என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ப உடுப்பை மாற்றிக்கொண்டுதான் பதில் சொல்வான். இந்த மாதிரிக் காட்சியை எடுப்பதற்கு முதலாளியும் வேலைக்காரனும் ஒரே சட்டகத்தில் நின்றே ஆகவேண்டும். ஒருவர் முகம், அடுத்தவர் முகம் என்று வெட்டி வெட்டிக் காட்டினால் போச்சு. இதை நம் ஊரில் 1941-லேயே செய்துகாட்டியிருக்கிறார்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' படமானபோது டி. ஆர். ராமச்சந்திரனும் காளி என். ரத்தினமும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பேசுகிற காட்சிகளைப் பாருங்கள். இரண்டு பேரும் சபாபதி. வேலைக்காரன் தப்பாகப் புரிந்துகொள்வதும் முதலாளி முகம் மாறுவதும் ஒரே நேரத்தில் நமக்குத் தெரிகிறது. அந்தப் படத்தை மேடைத்தனம் என்று தள்ளிவிடுகிறவர்களோடு நான் சண்டைக்கே போவேன்.

மேடைத்தனம் தானாகவே குற்றமாகிவிடாது என்று சொன்னேன். ஆனால் 1984-ல் ஷெரார் தெபார்தியூ இயக்கி நடித்த 'தார்த்யூஃப்' படம் எனக்கு மனத்தாங்கல். ஷாக் லசாலின் மேடைத் தயாரிப்பை அப்படியே எடுத்த படம். தெபார்தியூ, ஒர்கோனாக வரும் ஃபிரான்சுவா பெரியே, எல்லோரும் பெரிய நடிகர்கள். ஒவ்வொரு வரியும் தெளிவாகக் கேட்கிறது. மாணவர்களுக்கு உச்சரிப்புக்காகப் போட்டுக் காட்டுவேன். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் எதிரே யாரும் இல்லை என்பது ஒவ்வொரு நிமிடமும் உறுத்துகிறது. மேசைக் காட்சியில் எல்மீர் இருமுகிறாள். நாம் அவளுடைய கூட்டாளிகளாக ஆவதே இல்லை. அவளுக்கு இருமல் என்று மட்டும் தெரிகிறது.

இப்போது மறுபடி மூர்னாவிடம் வருகிறேன். அவர் மேசையை எடுத்துவிட்டுக் கெண்டியை வைத்ததற்குப் பின்னால் இருந்த யோசனை அபாரமானது. அத்தோடு நிற்கவும் இல்லை. மோலியேரின் கதையைச் சுற்றி இன்னொரு கதை கட்டியிருக்கிறார். சொத்துக்காக ஒரு கிழவரை ஏமாற்றி விஷம் வைத்துக்கொண்டிருக்கிறாள் அவர் வீட்டுப் பணிப்பெண். நடிகனாகிவிட்டான் என்பதற்காகப் பேரனை ஒதுக்கிவைத்திருக்கிறார் கிழவர். விரட்டப்பட்ட பேரன் நேராக நம்மைப் பார்த்துத் திரும்பி, இப்படியே விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள் என்கிறான். பிறகு வேஷம் போட்டுக்கொண்டு, ஊர் சுற்றிப் படம் காட்டுகிறவனாக அதே வீட்டுக்குள் வருகிறான். கிழவரையும் பணிப்பெண்ணையும் உட்காரவைத்து அவன் ஓட்டுகிற படம்தான் 'தார்த்யூஃப்'. பார்வையாளர்களைத் திரைக்கு உள்ளேயே கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்! மோலியேர் இந்த நாடகத்தை 1664-ல் வெர்சாயில் போட்டதும் தடை வந்தது. 1669 வரை போராடித்தான் பொதுமக்கள் முன் நடத்த அனுமதி வாங்கினார். போலிகளின் முகத்துக்கு எதிரே கலையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் அந்த ஐந்து வருடப் போராட்டமே. மூர்னாவின் அந்த வெளிக்கதை அதை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது.

ரெனே க்ளேர் இன்னொரு வழி. லபீஷும் மார்க்-மிஷேலும் சேர்ந்து எழுதி 1851-ல் வந்த 'இத்தாலிய வைக்கோல் தொப்பி' முழுக்கப் பேச்சும் பாட்டும். அதை 1928-ல் பேசாப்படமாக வெளியிட்டார் க்ளேர். மாப்பிள்ளையின் குதிரை ஒரு பெண்ணின் தொப்பியைத் தின்றுவிடுகிறது. காதலனோடு இருந்த கல்யாணமான பெண் அவள். தொப்பி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. கல்யாண நாள் முழுக்க மாப்பிள்ளை அதே மாதிரித் தொப்பி தேடி அலைகிறான், கல்யாணக் கூட்டம் மொத்தமும் அவன் பின்னாலேயே ஓடுகிறது. வசனத்தைக் கைவிட்ட க்ளேர் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பொருளைக் கொடுத்தார். மாமனாருக்கு இறுக்கமான பூட்ஸ். இன்னொருவருக்கு நழுவிக்கொண்டே இருக்கும் கழுத்துப் பட்டை. செவிட்டு மாமாவுக்குக் காதில் வைக்கும் ஊதுகுழல். தேடுகிற தொப்பி அந்த மாமாவின் கல்யாணப் பரிசுப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் படம் ஓடிய ஒன்றரை மணி நேரமும் நான் அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிரித்துச் சிரித்துச் சால்வையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஃபேதோவின் நாடகத்தை ரெனுவார் 1931-ல் எடுத்ததைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உடையாது என்று சொல்லிப் பட்டாளத்துக்கு விற்கப் பார்க்கும் மலச்சட்டிகள் எறிய எறிய உடைகின்றன, மிஷேல் சிமோன் அசராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரெனுவாரின் முதல் பேசும்படம். கழிப்பறையில் தண்ணீர் விழும் சத்தத்தை அதில் நிஜமாகவே பதிவு செய்தார் என்பதற்காகவே பேசப்படுகிறது.

ரொஸ்தானின் 'சிரானோ' 1897-ல் மேடையேறியது. அவரே அதற்கு வைத்த வகைப்பெயர் வீர நகைச்சுவை. ராப்னோ 1990-ல் எடுத்த படத்தில் பன்னிரண்டு அசைச் செய்யுள் அப்படியே இருக்கிறது. செய்யுளில் பேசினால் சினிமா செத்துவிடும் என்பார்கள். ராப்னோவும் உடன் திரைக்கதை எழுதிய ஷான்-க்ளோத் கரியேரும் அதைச் சுருக்கி, ஓடிக்கொண்டும் வாள் வீசிக்கொண்டும் பேசவைத்தார்கள். ஆனால் நான் இங்கே கவனிப்பது வேறு. கதை தொடங்குவதே ஒரு நாடக அரங்கில். பிடிக்காத நடிகனை மேடையிலிருந்து இறக்கிவிட்டு, அங்கேயே செய்யுள் கட்டிக்கொண்டு சிரானோ வாள்சண்டை போடும்போது சுற்றிலும் ஒரு பெரிய கூட்டம். கூச்சல் போடுகிறார்கள், கைதட்டுகிறார்கள். ரொஸ்தானே எழுதிவைத்த கூட்டம் அது. அதனால்தான் சிரானோவின் ஒவ்வொரு வரிக்கும் படத்துக்குள்ளேயே பதில் கிடைக்கிறது. 'டூயட்' பார்த்தவர்களுக்கு இந்தக் கதை உடனே பிடிபடும். உடம்பு பெருத்த அண்ணனின் கலையில் மயங்கி, அதைத் தம்பியுடையது என்று நம்பும் பெண். தான் காதலிக்கும் ரொக்சானின் பால்கனிக்கு அடியில் இருட்டில் நின்று இன்னொருவனுக்காகக் காதல் பேசும் சிரானோவைப் பார்த்ததும் அத்தை, "பிரபு!" என்றார்.

என் மாணவர்கள் கொண்டாடுவது இவை எதையும் இல்லை. அப்தெலாத்திஃப் கெஷிஷின் 'லெஸ்கிவ்'. 2005-ல் சிறந்த படத்துக்கான செசார் என்ற பிரெஞ்சுத் திரைப்பட விருதை வாங்கியது. பாரிசுக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் பிள்ளைகள் பள்ளிக்காக மாரிவோவின் 1730-ஆம் வருடத்து நாடகத்தை ஒத்திகை பார்க்கிறார்கள். நாடகத்தில் எஜமானி சில்வியாவும் பணிப்பெண் லிசெத்தும் வேஷம் மாற்றிக்கொள்வார்கள். பெண் பார்க்க வரும் தொராந்தும் வேலைக்காரன் ஆர்லெக்கானும் அதேபோல மாறியிருப்பார்கள். படத்தில் கிரிமோ என்ற பையன், லிதியாவின் பக்கத்தில் நிற்பதற்காகவே ஆர்லெக்கான் வேடத்தை நண்பனிடமிருந்து விலைபேசி வாங்குகிறான். அவனுக்கு நடிக்கவே வரவில்லை. வேஷத்தை மாற்றினாலும் பணக்காரனைப் பணக்காரிதான் அடையாளம் கண்டுகொள்கிறாள், பிறந்த நிலையிலிருந்து யாரும் தப்புவதில்லை என்று ஆசிரியை விளக்குவார்.

படம் முடிந்ததும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கை தூக்கினாள். அவள் அம்மா இங்கே ஒரு பங்களாவில் வேலை பார்ப்பவர். "மிஸ், நான் நாடகத்தையும் படிச்சுப் பார்த்தேன். சில்வியா உண்மையைச் சொல்றதுக்கு மூணாவது அங்கம் முடியற வரைக்கும் இழுக்கிறாங்க. தொராந்த் தவிக்கிறதை ரசிக்கிறாங்க. லிசெத்தும் ஆர்லெக்கானும் ஒருத்தருக்கொருத்தர் உண்மையைச் சொல்ல ஒரே ஒரு காட்சிதான். அவங்களுக்கு ஏமாற்றம் இருக்காதா? சிரிச்சுட்டு விட்டுடுவாங்களா?"

நான் பல வருடங்களாக நடத்தும் நாடகம். யாரும் இதைக் கேட்டதில்லை. பிறகு அவளே சொன்னாள்: "இந்தப் படத்துல லிதியா சில்வியாவா வரலை மிஸ். லிசெத்தா வர்றா. கிரிமோ ஆர்லெக்கான். வேலைக்காரங்க பேசற காட்சியைத்தான் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்கிறாங்க."

உண்மைதான். கெஷிஷ் எந்தக் காட்சியை நடுவில் வைத்தார் என்பதை இவள் பார்த்துவிட்டாள். அந்த ஒத்திகைகளைச் சுற்றி நின்று கிண்டல் பண்ணுகிற, எடுத்துக்கொடுக்கிற, சண்டை போடுகிற பிள்ளைகள்தான் அங்கே எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்.

ஆண்டு விழாவுக்கு இந்த முறை மூன்றாம் அங்கத்தின் அந்த ஒரு காட்சியைத் தமிழில் போடுகிறோம். லிசெத்தாக அவளே நடிக்கிறாள். உண்மை தெரிந்த பிறகு இருவரும் சிரிப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் பேசாமல் நிற்க வேண்டும் என்பதில் அவளுக்கும் எனக்கும் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. ஆர்லெக்கானுக்கு இரண்டு பையன்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை இருவரையும் வைத்துப் பார்க்க வேண்டும்.